வைப்பாற்றின் சிறு சான்றாளர்கள்

நுழையும்முன்

தெளிந்திருந்தால் நல்ல நீர், கலங்கியிருந்தால் கெட்ட நீர் என்று கண்ணால் கண்டே முடிவு செய்வது நம் வழக்கம். கரிசல் மண்ணைக் கரைத்து வரும் புதுவெள்ளம் கலங்கித்தான் இருக்கும். ஆனால், அதில் ஆயிரம் உயிர்கள் பிழைக்கும். பளிங்குபோல் தெளிந்த கிணற்றுநீரில் நஞ்சு கரைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததை அறியக் கருவிகள் உண்டு. அக்கருவிகளுக்கு முன்பே நீரிலேயே பிறந்து, நீரையே மூச்சாகக் கொண்டு வாழும் சிற்றுயிர்கள் உண்டு. நண்டும் இறாலும் அவற்றினும் சிறிய நீர்த்தெள்ளும் ஓர் ஆற்றின் நலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன, எதைச் சொல்ல இயலாமல் நிற்கின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வறண்ட நிலமும் வளர்ந்த தொழிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் வைப்பாறு, விருதுநகர் மாவட்டத்தினூடே சாத்தூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்று, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வழியில் இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறு அதனோடு சேர்கிறது. ஆறுகள் இரண்டும் கூடும் அவ்விடத்தில்தான் புகழ்பெற்ற மாரியம்மன் கோவில் அமைந்துள்ளது. வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, இருக்கன்குடி ஆகிய நீர்த்தேக்கங்களும் எண்ணற்ற கண்மாய்களும் ஊருணிகளும் இவ்வாற்றுப் படுகையைச் சார்ந்தவை.

இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் ஆறு என்பது மணலும் கருவேலமுமே. இந்த வறட்சிதான் ஒரு தொழிலுக்கு மூலதனமாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் தம் ஊரில் அத்தொழிலுக்கு வித்திட்டனர். ஈரமில்லாத காற்று, மருந்து உலர்வதற்கு ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றின் மேலுறைகளுக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் வேளாண்மை கைவிட்ட குடும்பங்களுக்கு அத்தொழில்கள் சோறிட்டன. இவ்வுண்மையை மறந்துவிட்டு இப்பகுதியின் நீரைப் பற்றிப் பேசுவது முறையன்று.

தொழிலுக்கு உதவிய அதே வறட்சி, ஆற்றுக்கு எதிராக நிற்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு, தன்னில் சேரும் கழிவைப் பெருநீரில் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். ஓடாத ஆற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. கோடையில் விருதுநகரை ஒட்டிய கௌசிகா ஆறு போன்ற சிற்றாறுகளில் ஓடுவது பெரும்பாலும் நகரக் கழிவுநீரே. அது குல்லூர்சந்தை நீர்த்தேக்கம்வரை செல்கிறது. மழைக்காலத்திலோ, மாதக்கணக்கில் மண்ணில் படிந்து கிடந்தவை எல்லாம் முதல் வெள்ளத்தில் ஒருங்கே அடித்து வரப்படும்.

அப்படிப் படிந்து கிடப்பவை யாவை? வாணவெடியின் பச்சை நிறம் பேரியத்தால் தோன்றுவது. சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால் வருவது. வெண்ணிறப் பொறிக்கு அலுமினியம், நீலத்திற்குச் செம்பு. வெடியுப்பும் கந்தகமும் அடிப்படைப் பொருள்கள். பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டது. இவற்றோடு, எரிதலுக்கு உயிர்வளி தரும் பெர்குளோரேட்டு என்னும் உப்பும் உண்டு. இது நீரில் எளிதில் கரையும். மண் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. மனித உடலில் தைராய்டுச் சுரப்பி அயோடினை ஈர்த்துக்கொள்வதை இது தடுக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர்களும் தமிழக ஆய்வாளர்களும் இணைந்து சிவகாசி, மதுரைப் பகுதிகளின் நீரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிவகாசிப் பகுதியில் எடுக்கப்பட்ட 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 10இல் பெர்குளோரேட்டு, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்னும் அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. மிகுதியாகக் காணப்பட்ட அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். மதுரை மாதிரிகள் எவையும் அவ்வளவைத் தாண்டவில்லை. மேற்பரப்பு நீரில் கண்ட உச்ச அளவு 30.2 மைக்ரோகிராம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடத்தின் பிற்பகுதியில் இவை மீண்டும் தேவைப்படும்.

ஓடு போர்த்த உயிர்கள்

கணுக்காலிகள் என்னும் பெருந்தொகுதியில் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவினர் ஓட்டுடலிகள். நண்டு, இறால் ஆகியவற்றை நாம் அறிவோம். கண்மாய் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், புள்ளி புள்ளியாகத் துள்ளும் உயிர்கள் தென்படும். அவையும் ஓட்டுடலிகளே. தெள்ளுப்பூச்சிபோல் துள்ளுவதால் நீர்த்தெள்ளு எனப்படுவன டாஃப்னியா, மொய்னா முதலியன. துடுப்புப் போன்ற கால்களால் விட்டுவிட்டு நீந்துவன சைக்ளாப்ஸ் முதலிய துடுப்புக்காலிகள். இரண்டு ஓடுகளுக்குள் உடலை ஒடுக்கிச் சிப்பிபோல் தோன்றுவனவும் உண்டு.

தமிழர் இவ்வுயிர்களைக் கூர்ந்து நோக்கியவர்கள். சங்க இலக்கியம் நண்டை அலவன், ஞெண்டு, கள்வன் எனப் பல பெயர்களால் சுட்டுகிறது. ஐங்குறுநூற்றின் மருதத்திணையில் நண்டை வைத்தே பாடப்பட்ட பத்துப் பாடல்கள் ‘கள்வன் பத்து’ என்று பெயர் பெற்றுள்ளன. வயலும் வாய்க்காலும் வளமாக இருந்ததன் அடையாளம் நண்டு என்பதை அப்புலவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளையைக் கண்டாலே உழவர்க்குத் தெரியும்.

தெரிந்து தெளிவோம்

ஊருணி நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கும் பழக்கத்திற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. நரம்புச் சிலந்தி நோயை உண்டாக்கும் புழுவின் இளநிலை, சைக்ளாப்ஸ் உடலுக்குள் தங்கியிருந்து, குடிநீர் வழியே மனிதரை அடைந்தது. துணி சைக்ளாப்ஸைத் தடுத்தது, நோயும் தடுக்கப்பட்டது. இந்தியா இந்நோய் நீங்கிய நாடு என 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பு சான்றளித்தது.

நீரின் நலம் காட்ட இவ்வுயிர்கள் ஏன் ஏற்றவை? பறவைபோல் பறந்தோ, பெருமீன்போல் நெடுந்தொலைவு நீந்தியோ இவை தப்ப இயலாது. வந்த நீரை ஏற்றே ஆகவேண்டும். நீர்த்தெள்ளு நீரை இடைவிடாது வடிகட்டி, பாசியையும் நுண்துகள்களையும் உண்கிறது. ஆகவே நீரில் உள்ளது எதுவும் அதன் உடலைத் தொடாமல் போகாது. பூச்சிகளின் உறவு என்பதால், பூச்சிகளைக் கொல்ல வயலில் தெளிக்கும் மருந்து இவற்றின் நரம்பையும் தாக்கும். செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் மீன்களுக்குத் தீங்கு தரும் அளவைவிடப் பல வேளைகளில் மிகக் குறைந்த அளவிலேயே நீர்த்தெள்ளை வீழ்த்திவிடும்.

நீர்த்தெள்ளின் உடல் ஒளி ஊடுருவும் தன்மையது. உருப்பெருக்கியில் வைத்தால் அதன் இதயம் துடிப்பதையும், குடலில் பச்சைப்பாசி நகர்வதையும், முதுகுப் பையில் முட்டைகள் வளர்வதையும் காணலாம். நீரில் உயிர்வளி குறைந்தால் அது தன் உடலில் ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொண்டு செந்நிறம் கொள்ளும். நிறமே அங்கு ஓர் அறிக்கை. வாழ்வு வளமாக இருக்கும்வரை பெண் உயிர்கள் ஆணின்றியே தம்மைப் போன்ற பெண் குஞ்சுகளை ஈனும். ஆகவே ஒரு தாயின் வழிவந்த நூற்றுக்கணக்கான உயிர்கள் மரபால் ஒன்றாகவே இருக்கும். சோதனைக்கு இதைவிட நேர்த்தியான உயிர் கிடைப்பது அரிது. டாஃப்னியா இனம் ஒன்றின் மரபணுத் தொகுதி 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது, அதில் ஏறத்தாழ 31,000 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. மனிதருக்கு அத்தனை இல்லை!

குவளைக்குள் ஒரு விசாரணை

தொழிற்சாலைக் கழிவின் நச்சுத்தன்மையை நீர்த்தெள்ளைக் கொண்டு அளக்கும் முறையை 1944ஆம் ஆண்டில் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் விரிவாக எழுதினார். பிற்காலத்தில் அது உலக நாடுகள் ஏற்ற வரையறுத்த சோதனையாயிற்று. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளைத் தேர்ந்தெடுப்பர். சோதிக்க வேண்டிய நீரைப் பல செறிவுகளில் கலந்து, ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகளை விடுவர். தூய நீரிலும் அதே எண்ணிக்கையில் விடுவர். ஒப்பிட்டுப் பார்க்க அது இன்றியமையாதது. 24 மணி நேரம் கழித்தும், 48 மணி நேரம் கழித்தும் குவளையை மெல்ல அசைத்துப் பார்ப்பர். அசைத்தபின் 15 நொடிக்குள் நீந்தாத உயிர் செயலிழந்ததாகக் கொள்ளப்படும். எந்தச் செறிவில் பாதி உயிர்கள் செயலிழக்கின்றனவோ, அதுவே அந்நீரின் நச்சு அளவு.

நம் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கழிவுநீருக்கு வேறொரு உயிர்ச்சோதனையை விதிக்கின்றன. கலப்பில்லாத கழிவுநீரில் விடப்பட்ட மீன்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு, 96 மணி நேரம் பிழைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால், மீன் பிழைத்த நீரில் மீனின் இரை மடிந்திருக்கக்கூடும். இரை மடிந்த கண்மாயில் மீன் எத்தனை நாள் வாழும் என்பதை அச்சோதனை கேட்பதில்லை.

ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் டாஃப்னியா மேக்னா 20 பாகை வெப்பநிலையில் சோதிக்கப்படும் குளிர்நாட்டு இனம் என்பதையும் இங்குக் கருத வேண்டும். சித்திரை வெயிலில் சாத்தூர்க் கண்மாயின் சூட்டை அது அறியாது. நம் சமவெளி நீர்நிலைகளில் இயல்பாக வாழும் டாஃப்னியா கரினேட்டா, மொய்னா மைக்ரூரா போன்றவற்றைக் கொண்டு சோதிப்பதே நம் நீருக்கு நீதி செய்வதாகும்.

குவளை இல்லாமலும் படிக்க முடியும். ஒரு கண்மாயில் எவை வாழ்கின்றன என்பதோடு, எவை காணாமற்போயின என்பதும் செய்தி. உயிர்வளி குறைந்த, சாக்கடை கலந்த நீரை மொய்னா தாங்கும். டாஃப்னியா அவ்வளவு தாங்காது. பல இனங்கள் வாழ்ந்த நீரில் மொய்னா மட்டுமே மொய்த்துக் கிடந்தால், அங்கு என்ன கலந்தது என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உடலே ஏடாக

நீர்த்தெள்ளு உடனே வீழ்ந்து காட்டும் சான்றாளர். நண்டும் இறாலும் வேறு வகை. அவை பல மாதங்கள், சில ஆண்டுகள் வாழ்ந்து, தாம் உண்டதையும் உறிஞ்சியதையும் உடலில் சேர்த்து வைக்கின்றன. அவற்றின் குருதி நிறமி இரும்பால் ஆனதன்று, செம்பால் ஆனது. எனவே செம்பைக் கையாளும் திறம் அவற்றுக்கு இயல்பாகவே உண்டு. மிகையான உலோகங்களை ஈரலும் கணையமும் ஒன்றான ஒரு சுரப்பியில் அவை ஒதுக்கி வைக்கின்றன. கால்சியத்தைப் போன்ற இயல்புடைய ஸ்ட்ரான்சியம் ஓட்டிலேயே படிகிறது. ஆற்றில் வெள்ளம் போய்விட்ட பின்னரும், நண்டின் உடலில் அவ்வெள்ளத்தின் கணக்கு எஞ்சியிருக்கும். ஓடு உரிக்கும் நாள்களில் மட்டும் இக்கணக்கை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மென்தோலோடு இருக்கும் அப்பொழுதில் நீரும் உப்பும் உடலுக்குள் மிகுதியாகப் புகும்.

தமிழ்நாட்டில் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் காவிரியின் இறாலைக் கொண்டு நடந்துள்ளன. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாக்ரோபிராக்கியம் மால்கம்சோனி என்னும் நன்னீர் இறாலைப் பாதரசத்திற்கும் செம்பிற்கும் உட்படுத்தி, அதன் செல்களில் தோன்றும் காப்புப் புரதங்களை 2000ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தனர். உடல் வெப்பத்தாலோ நஞ்சாலோ தாக்கப்படும்போது, சிதையும் புரதங்களைக் காக்கச் செல் தானே உருவாக்கும் புரதங்கள் அவை. இறால் சாகவில்லை, நன்றாகவே நீந்துகிறது, ஆயினும் செல்லுக்குள் அபாய அறிவிப்பு எழுந்துவிட்டது. எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தால் அதே இறாலின் செவுளும் செரிமானச் சுரப்பியும் சிதைவதையும் அவர்கள் பதிவு செய்தனர். உயிர் போவதற்கு முன்பே நோயை அறிவது மருத்துவத்தில் மட்டுமன்று, ஆற்றிலும் தேவை.

சான்றாளர் அறியாதவை

இனி, முன்பு நினைவில் வைத்த எண்களுக்கு வருவோம். லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் பெர்குளோரேட்டு கலந்த கிணற்றுநீரில் நீர்த்தெள்ளை விட்டால் என்ன ஆகும்? 48 மணி நேரம் கழித்தும் அது துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பெர்குளோரேட்டு அதைச் செயலிழக்கச் செய்ய, லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். 7,690 மைக்ரோகிராம் என்பது எட்டு மில்லிகிராம்கூட இல்லை. காரணம் எளிது. தைராய்டுச் சுரப்பி நமக்கு உண்டு, நீர்த்தெள்ளுக்கு இல்லை. இல்லாத உறுப்புக்கு நேரும் கேட்டை அது எவ்வாறு உணர்த்தும்? சான்றாளர் தாம் பட்டதையே சொல்வார்; படாததைப் பற்றிய அவர் மௌனத்தை ‘நீர் நன்று’ என்னும் வாக்குமூலமாகக் கொள்வது தவறு. கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் அருந்தும் கிணற்றைப் பொறுத்தவரை வேதியியல் ஆய்வுக்கு மாற்று இல்லை.

மறுதலையும் உண்மை. நீர்த்தெள்ளு வீழ்ந்தால் நஞ்சு இருப்பது தெரியும். அது யாருடைய நஞ்சு என்பது தெரியாது. பருத்தி வயலின் பூச்சிமருந்தோ, நகரச் சாக்கடையோ, அச்சகத்தின் மையோ, பட்டாசு ஆலையின் கழிவோ, வெறும் வெப்பமும் உப்பும் மிகுந்ததோ காரணமாகலாம். பட்டாசுப் பகுதி என்பதாலேயே பழியைப் பட்டாசின்மேல் போட்டுவிடுவதும் அறிவியல் அன்று. ஊர்த்தொழில் என்பதால் கேள்வியே கேட்காமல் இருப்பதும் அறிவியல் அன்று. ஆற்றின் மேல்மடையிலும் கீழ்மடையிலும் நீரெடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, வேதியியல் அளவுகளோடு ஒப்பிட்டால்தான் வழக்கு நிலைபெறும்.

தீயை அணைத்த நீர்

1986ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்கு அருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர், பூச்சிமருந்துகளையும் சாயத்தையும் அள்ளிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. ஆறு செந்நிறமாயிற்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதன்பின் ரைன் கரையின் கண்காணிப்பு நிலையங்களில், ஆற்றுநீர் இடைவிடாது பாயும் கலங்களில் நீர்த்தெள்ளுகளை வளர்த்து, அவற்றின் அசைவைக் கருவிகளால் நோக்கும் முறை வலுப்பெற்றது. துள்ளல் தளர்ந்தால் எச்சரிக்கை ஒலிக்கும். கீழ்க்கரை நகரங்கள் குடிநீர் எடுப்பதை நிறுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். செக் குடியரசின் புரோட்டிவீன் நகர ஆலை ஒன்றில் இதே பணியை ஐந்து நன்னீர்ச் சிங்கி இறால்கள் செய்வதாக 2017இல் செய்திகள் வந்தன. அகச்சிவப்பு உணர்விகள் அவற்றின் நாடியைக் கவனிக்கின்றன. மூன்றின் துடிப்பு ஒருசேர மாறினால் நீரில் ஏதோ மாறிவிட்டது என்று பொருள்.

தீயும், தீயணைத்த நீரும், மருந்தும் நம் மாவட்டம் அறியாதவை அல்ல. வெடிவிபத்து நேரும்போது நம் மனம் முதலில் உயிரிழந்தோரையும் அவர்தம் குடும்பத்தையும் நோக்கிச் செல்கிறது, செல்லவும் வேண்டும். அன்று பாய்ச்சப்பட்ட நீர் எந்த ஓடையில் இறங்கியது என்னும் கேள்வியையும் பிறகேனும் ஒருவர் கேட்க வேண்டும்.

உலர்ந்த மண்ணில் உறங்குபவை

ஆண்டின் பெரும்பகுதி நீரே இல்லாத ஆற்றில் நீருயிரைக் கொண்டு கண்காணிப்பது எப்படி? இக்கேள்விக்கு நம் நிலமே ஒரு விடை வைத்திருக்கிறது. காலம் கெட்டால் டாஃப்னியா தடித்த உறைக்குள் முட்டையிடும். அவ்வுறைமுட்டை சேற்றில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து பொரித்ததும் உண்டு. தமிழ்நாட்டின் மழைக்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்னும் முதுகோடு இல்லாச் சிற்றிறால் வாழ்கிறது. கால்களை மேலே வைத்து மல்லாந்து நீந்துவது அதன் வழக்கம். குட்டை வற்றுமுன் முட்டையிட்டு மடியும். வெடித்துப் பிளந்த களிமண்ணில், சுடும் வெயிலில், அம்முட்டைகள் சாகாமல் உறங்கும். மழை நனைத்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் இவ்வினத்தை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். மேலைநாடுகளில் இதன் உறவுயிர் ஒன்றின் உலர்முட்டைகளைச் சிமிழில் அடைத்து விற்கிறார்கள். நீரூற்றிப் பொரித்த குஞ்சுகளைக் கொண்டு 24 மணி நேரத்தில் நச்சுச் சோதனையை முடித்துவிடலாம்.

வற்றிய கண்மாயின் மண்ணைக் கையளவு எடுத்து, ஒரு தட்டிலிட்டு மழைநீர் ஊற்றி வைத்தால், அங்கே எவை உறங்குகின்றன என்பது தெரியும். ஒரே படுகையில் தொலைவிலுள்ள ஒரு கண்மாய் மண்ணையும், கழிவு சேரும் ஒரு கண்மாய் மண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு தட்டில் உயிர் துள்ளி, மறு தட்டு வெறுமையாக நின்றால், வினா பிறந்துவிட்டது. அதற்கு மேல் ஆய்வகம் தொடரட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கண்மாய் அல்லது ஊருணியின் நீரை ஆசிரியர் துணையுடன் கண்ணாடிக் குவளையில் எடுத்து, உருப்பெருக்கியால் நோக்கிக் கண்ட உயிர்களை வரைந்து, உங்கள் பகுதியில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க. ஆலை வளாகங்களின் அருகில் நீர் எடுத்தல் கூடாது.

2. ‘மீன் பிழைத்தால் நீர் நன்று’ என்னும் கருத்தையும், ‘நீர்த்தெள்ளு பிழைத்தால் நீர் நன்று’ என்னும் கருத்தையும் பாடச்செய்திகளைக் கொண்டு மறுத்துரைக்க.

3. நண்டு பிடித்தோர், வயல்வேலை செய்தோர் ஆகிய முதியோரிடம், அவர்கள் இளமையில் கண்ட நீர்வாழ் உயிர்களைப் பற்றிக் கேட்டு, இன்று காணப்படாதவை எவை எனக் குறிப்பெழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.